அருவிக்குப் போகும் முன் கம்ப்யூட்டரில் ஒருமுறை நடந்து பாருங்கள்

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கிய வீடுகளில் முதல் சில மாதங்கள் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் போகும். பையன் கேம்ஸ் விளையாடுவான். அம்மா யூடியூபில் சமையல் பார்ப்பார். அப்பா சாலிடேர் ஆடுவார். (என் அப்பா ஆறு மாதம் அதை மட்டுமே ஆடினார். மவுஸ் நன்றாகப் பழகிவிட்டது என்பது உண்மைதான்.) இந்த மாதம் அதே கம்ப்யூட்டரை வைத்து ஒரு அரை நாள் காட்டு நடைப் பயணத்துக்குத் திட்டம் போடப் போகிறோம். எவ்வளவு தூரம், எவ்வளவு ஏற்றம், எத்தனை மணி நேரம் ஆகும் என்பதை வீட்டு நாற்காலியில் உட்கார்ந்தபடியே கண்டுபிடிக்கலாம். எல்லாவற்றையும் விட முக்கியமாக, அந்த அருவிக்குத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்பதையும் பார்த்துவிடலாம். ஏன் அது முக்கியம் என்பதைப் பாடத்தின் நடுவில் சொல்கிறேன்.

உதாரணத்துக்கு நான் எடுத்துக்கொண்டிருப்பது குற்றாலம் செண்பகாதேவி அருவி. குற்றாலம் எல்லோருக்கும் தெரிந்த ஊர். ஆனால் பெரும்பாலோர் மெயின் அருவி, ஐந்தருவி, பழைய குற்றாலம் பார்த்துவிட்டு அல்வா வாங்கிக்கொண்டு திரும்பிவிடுவார்கள். மெயின் அருவியில் விழும் சிற்றாறு, அதற்கு முன்பே மேலே காட்டுக்குள் வேறு அருவிகளாகவும் விழுந்துதான் வருகிறது. மேலே இருந்து வரிசையாகச் சொன்னால் தேனருவி, செண்பகாதேவி, சிற்றருவி, பிறகு மெயின் அருவி. செண்பகாதேவிக்கு ஊரிலிருந்து காட்டு வழியே 2 கிலோமீட்டருக்குச் சற்று மேல் ஏறி நடக்க வேண்டும். அருவிக்குப் பக்கத்தில் செண்பகாதேவி அம்மன் கோயில் இருக்கிறது. நல்ல ஷூ போட்டு நிதானமாக ஏறுபவர்களுக்கு இது நடுத்தரமான நடை.

முதலில் அனுமதி

சாப்ட்வேர் இன்ஸ்டால் செய்வதற்கு முன்பே இதைச் சொல்லிவிடுகிறேன். இது வனத்துறையின் கட்டுப்பாட்டில் உள்ள காடு. நினைத்த நாளில் பையை மாட்டிக்கொண்டு ஏறிவிட முடியாது. 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணியில் காட்டுத்தீயில் சிக்கி 20-க்கும் மேற்பட்ட மலையேற்றக்காரர்கள் உயிரிழந்தது உங்களுக்கு நினைவிருக்கும். அதன் பிறகு அதே ஆண்டில் தமிழக அரசு மலையேற்றத்துக்கென்று தனி விதிகளைக் கொண்டு வந்தது. 2024 அக்டோபரில் 'ட்ரெக் தமிழ்நாடு' என்ற திட்டம் தொடங்கியது. மாநிலம் முழுவதும் 40 பாதைகளுடன் ஆரம்பித்த இந்தத் திட்டத்தில் ஆன்லைனிலேயே முன்பதிவு செய்யலாம். பயிற்சி பெற்ற வழிகாட்டி ஒருவர் உங்களுடன் வருவார்.

பிரவுசரில் 'ட்ரெக் தமிழ்நாடு' என்று தேடி, அதன் அதிகாரப்பூர்வ தளத்துக்குச் செல்லுங்கள். பாதைகளின் பட்டியலில் தென்காசி மாவட்டத்தைப் பாருங்கள். நீங்கள் போக நினைக்கும் பாதை இருக்கிறதா, அந்தத் தேதியில் திறந்திருக்கிறதா என்று பார்த்த பிறகே மற்ற வேலைகளை ஆரம்பியுங்கள். காட்டுத்தீ காலத்தில் பாதைகளை மூடிவிடுவார்கள். 2025-ல் பிப்ரவரி 15 முதல் ஏப்ரல் 15 வரை மூடியிருந்தார்கள். பெருமழைக் காலத்திலும் திடீரென்று ரத்து ஆகலாம். அப்படி ரத்தானால் சண்டை போடாதீர்கள்.

கூகுள் எர்த் ப்ரோ

நமக்கு வேண்டியது கூகுள் எர்த் ப்ரோ. கூகுள் எர்த் 2005-ல் வெளிவந்தது. அதன் ப்ரோ பதிப்பை ஆண்டுக்கு 399 டாலர் என்று விற்றுக்கொண்டிருந்தார்கள். 2015 ஜனவரியில் இலவசமாக்கிவிட்டார்கள். பிரவுசரிலேயே இயங்கும் கூகுள் எர்த்தும் உண்டு. ஆனால் இந்தப் பாடத்துக்கு டெஸ்க்டாப்பில் இன்ஸ்டால் செய்யும் ப்ரோ பதிப்புதான் வசதி. டவுன்லோட் செய்யும்போது கூகுளின் சொந்தத் தளத்திலிருந்து மட்டும் எடுங்கள். "இலவசம், இலவசம்" என்று மின்னும் பட்டன்கள் உள்ள மற்ற தளங்கள் வேண்டாம்.

இன்ஸ்டால் செய்து திறந்ததும் உலக உருண்டை சுழன்று வந்து நிற்கும். உடனே உங்கள் வீட்டு மொட்டை மாடியைத் தேடுவீர்கள். தேடுங்கள், தப்பில்லை. பார்த்து முடித்ததும் இங்கே வாருங்கள்.

முதலில் இரண்டு செட்டிங். மேலே டூல்ஸ் மெனுவில் ஆப்ஷன்ஸ் கிளிக் செய்தால் ஒரு விண்டோ வரும். அதில் 3டி வியூ என்ற டேபில் அளவை மீட்டர், கிலோமீட்டர் என்று மாற்றுங்கள். அதே இடத்தில் அட்சரேகை, தீர்க்கரேகை காட்டும் முறையை டெசிமல் டிகிரீஸ் என்று வையுங்கள். எலிவேஷன் எக்ஸாஜரேஷன் என்ற கட்டத்தில் 1 என்று இருக்கட்டும். 3 என்று வைத்தால் பரங்கிமலை கூட இமயமலை போல் தெரியும். அழகாக இருக்கும், ஆனால் ஏமாற்றிவிடும். அடுத்து இடது பக்கம் கீழே லேயர்ஸ் பகுதியில் டெரெய்ன் என்பதில் டிக் இருக்கிறதா என்று பாருங்கள். அது இல்லாவிட்டால் மலையெல்லாம் தரையில் விரித்த ஜமுக்காளம் போல் தட்டையாகிவிடும்.

குற்றாலமா, குத்தாலமா?

இடது மேல் மூலையில் உள்ள தேடல் கட்டத்தில் ஊர்ப் பெயரைக் கொடுக்கலாம். ஆனால் நம் ஊர்ப் பெயர்களை ஆங்கில எழுத்தில் ஆளுக்கொரு விதமாக எழுதுவதால் ஒரு சிக்கல் உண்டு. மயிலாடுதுறை மாவட்டத்தில் குத்தாலம் என்று ஒரு ஊர் இருக்கிறது. எழுத்து கொஞ்சம் மாறினால் நீங்கள் மலைக்குப் பதிலாகக் காவிரிக் கரையில் வயலுக்கு நடுவே போய் இறங்குவீர்கள். எனவே எண்களைக் கொடுப்பதே நல்லது. தேடல் கட்டத்தில் 8.93, 77.27 என்று டைப் செய்து என்டர் தட்டுங்கள். குற்றாலம் ஊர்ப் பக்கத்தில் இறங்குவீர்கள்.

இந்த எண்களைப் பற்றி ஒரு சின்ன விஷயம். முதல் எண் நிலநடுக்கோட்டிலிருந்து வடக்கே எத்தனை டிகிரி என்பது. இரண்டாவது கிரீன்விச்சிலிருந்து கிழக்கே எத்தனை டிகிரி என்பது. நம் பகுதியில் 0.01 டிகிரி என்பது ஏறக்குறைய 1.1 கிலோமீட்டர். ஆக, புள்ளிக்குப் பிறகு இரண்டு இலக்கம் கொடுத்தால் ஊரை அடையாளம் காட்டலாம். நான்கு இலக்கம் கொடுத்தால் ஒரு வீட்டையே காட்டலாம். வழி தவறி போனில் யாருக்காவது இடம் சொல்ல வேண்டி வந்தால், "பெரிய மரத்துக்குப் பக்கத்தில்" என்று சொல்வதை விட இந்த இரண்டு எண்கள் உதவும்.

இப்போது மவுஸின் சக்கரத்தை அழுத்திப் பிடித்தபடி மவுஸை நகர்த்துங்கள். பூமி சாயும். மேற்குப் பக்கம் பார்த்தபடி திருப்பினால் மேற்குத் தொடர்ச்சி மலை சுவர் மாதிரி எழுந்து நிற்பது தெரியும். தலை சுற்றினால் கீபோர்டில் ஆர் என்ற எழுத்தைத் தட்டுங்கள், எல்லாம் பழையபடி ஆகிவிடும்.

பாதை வரைதல்

மெயின் அருவிப் பகுதியிலிருந்து சிற்றாற்றைப் பிடித்துக்கொண்டு மேலே போங்கள். மரங்கள் அடர்ந்திருப்பதால் செயற்கைக்கோள் படத்தில் நடைபாதை பெரும்பாலும் தெரியாது. ஆறும் அங்கங்கே பாறை வெள்ளையாகத் தெரியும் இடங்களில்தான் தலை காட்டும். இங்கே இன்னொரு தளம் கைகொடுக்கும். ஓப்பன் ஸ்ட்ரீட் மேப் என்று ஒன்று 2004 முதல் இருக்கிறது. விக்கிபீடியா போல, பொதுமக்களே வரையும் வரைபடம் இது. இதில் ஒற்றையடிப் பாதைகள் சிவப்புப் புள்ளிக்கோடாக இருக்கும். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒப்பிடுங்கள். ஆனால் ஒன்று, வரைபடத்தில் கோடு இருக்கிறது என்பதற்காக அந்த வழியில் போக அனுமதி இருக்கிறது என்று அர்த்தமில்லை. என்றோ ஒருவர் நடந்தார், வரைந்தார், அவ்வளவுதான்.

கூகுள் எர்த்தில் மேலே உள்ள டூல்பாரில் மூன்று புள்ளிகளைக் கோட்டால் இணைத்தது போன்ற ஐகான் இருக்கும். அதுதான் ஆட் பாத். கிளிக் செய்தால் ஒரு விண்டோ திறக்கும். பெயர் கட்டத்தில் 'செண்பகாதேவி' என்று கொடுங்கள். கவனம், இன்னும் ஓகே கொடுக்கக் கூடாது. அந்த விண்டோவை ஓரமாக நகர்த்திவிட்டு, படத்தின் மேல் பாதையின் தொடக்கத்திலிருந்து ஒவ்வொரு புள்ளியாகக் கிளிக் செய்துகொண்டே போங்கள். தவறிவிட்டால் ரைட் கிளிக் செய்தால் கடைசிப் புள்ளி அழிந்துவிடும். அருவி வரை வந்த பிறகு ஓகே.

இப்போது இடது பக்கம் பிளேசஸ் பகுதியில் நீங்கள் கொடுத்த பெயர் வந்திருக்கும். அதன் மேல் ரைட் கிளிக் செய்து ஷோ எலிவேஷன் ப்ரொபைல் என்பதைத் தேர்ந்தெடுங்கள். திரையின் கீழே ஒரு வரைபடம் விரியும். எனக்கு இந்த சாப்ட்வேரில் மிகவும் பிடித்த இடம் இதுதான். கிடைமட்டத்தில் தூரம், செங்குத்தில் உயரம். மவுஸை அந்த வளைவின் மேல் நகர்த்தினால் மேலே படத்தில் ஒரு அம்புக்குறி உங்கள் பாதையிலேயே நடந்து போகும். எங்கே மூச்சு வாங்கும், எங்கே சமதரை என்று பார்த்துவிடலாம்.

அதன் மேல் வரிசையில் மொத்த ஏற்றம், இறக்கம், சராசரி சரிவு எல்லாம் இருக்கும். சரிவு 12 சதவீதம் என்றால் 100 மீட்டர் முன்னே போவதற்குள் 12 மீட்டர் மேலே ஏறுகிறீர்கள். வீட்டுக் கணக்கில் பார்த்தால் எளிது. ஒரு மாடியின் உயரம் ஏறக்குறைய 3 மீட்டர். 12 மீட்டர் என்றால் நான்கு மாடி. மொத்த ஏற்றம் 300 மீட்டர் என்று வந்தால் 100 மாடி! லிப்ட் பழுதான நாளில் மூன்றாவது மாடி ஏறவே தயங்குபவர்கள் இந்த எண்ணைப் பார்த்து யோசித்து முடிவு செய்யலாம்.

நேரக் கணக்குக்கு ஒரு பழைய சூத்திரம் உண்டு. ஸ்காட்லாந்து மலையேற்றக்காரர் வில்லியம் நெய்ஸ்மித் 1892-ல் சொன்னது. மெட்ரிக் அளவில் சொன்னால், 5 கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம், அதனுடன் ஒவ்வொரு 600 மீட்டர் ஏற்றத்துக்கும் இன்னொரு மணி நேரம். உதாரணமாக போக வர 5 கிலோமீட்டர், ஏற்றம் 300 மீட்டர் என்றால் 1 மணி, அதோடு அரை மணி, ஆக ஒன்றரை மணி நேரம். ஆனால் இது நடந்து பழகிய ஒருவர், நில்லாமல் நடக்கும் கணக்கு. நம் குடும்பத்தோடு, வேர்களும் பாறைகளும் உள்ள வழியில், போட்டோ எடுத்துக்கொண்டு போனால் இரண்டால் பெருக்குங்கள். அருவியில் ஒரு மணி நேரம். அனுமதிச் சீட்டு சரிபார்க்க, வழிகாட்டி விவரம் சொல்ல முக்கால் மணி நேரம். அரை நாள் ஆகிவிட்டதா?

இந்த எண்களை அப்படியே நம்பிவிடவும் கூடாது. கல்லூரி விடுதியில் என் அறைத் தோழன் சிவில் பிரிவு. கல்லூரி வளாகம் முழுக்க அவன் தியோடலைட்டைத் தூக்கிக்கொண்டு வெயிலில் அலைவான், நான் கம்ப்யூட்டர் லேபில் ஏசியில் உட்கார்ந்திருப்பேன். "ஒவ்வொரு புள்ளியா அளக்கணும்டா" என்பான். செயற்கைக்கோள் காலத்திலும் அவன் சொன்னது சரி. உலகின் பெரும்பகுதிக்கான உயரத் தகவல்களில் புகழ்பெற்றது, 2000 பிப்ரவரியில் எண்டெவர் விண்கலம் 11 நாட்கள் பறந்து ரேடாரால் அளந்தது. அதில் ஏறக்குறைய 30 மீட்டருக்கு ஒரு புள்ளிதான். அடர்ந்த காட்டில் ரேடார் தரையை விட்டு மர உச்சிகளையும் சேர்த்து அளந்துவிடும். இரண்டு புள்ளிகளுக்கு நடுவே செங்குத்தாக ஒரு பாறை இருந்தால் அது திரையில் சாதாரணச் சரிவாகத்தான் தெரியும். அதனால்தான் நீங்கள் கூகுள் எர்த்தில் பார்க்கும்போது அருவி விழுவதே இல்லை, சறுக்குமரம் போல் வழிகிறது. உங்கள் பாதை வளைவுகளையும் நீங்கள் நேர்க்கோடாக வெட்டி வரைந்திருப்பீர்கள். திரையில் வரும் தூரத்துடன் ஐந்தில் ஒரு பங்கு சேர்த்துக்கொள்வது என் பழக்கம்.

தண்ணீர் எங்கிருந்து வருகிறது?

இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறோம். தயவு செய்து இந்தப் பகுதியைத் தாண்டிப் போக வேண்டாம்.

2024 மே 17 அன்று பழைய குற்றாலம் அருவியில் திடீர் வெள்ளம் வந்தது. குளித்துக்கொண்டிருந்தவர்கள் சிதறி ஓடினார்கள். 17 வயதுப் பையன் ஒருவன் அடித்துச் செல்லப்பட்டு உயிரிழந்தான். அது சாரல் சீசன் கூட இல்லை, கோடை மழைக் காலம். அருவிகளில் இப்படி நடக்கும்போதெல்லாம் "இங்கே மழையே இல்லையே, எப்படி வந்தது?" என்று கேட்கிறோம். பதில் உங்கள் கம்ப்யூட்டரில் இருக்கிறது.

செண்பகாதேவிக்கு மேலே போங்கள். படத்தை நன்றாகச் சாய்த்து, ஆறு வரும் திசையில் பாருங்கள். இரு பக்கமும் மலை முகடுகள் உயர்ந்து, ஒரு பெரிய கிண்ணம் போல் வளைந்து மேலே சேர்வது தெரியும். அந்தக் கிண்ணத்துக்குள் எங்கே மழை பெய்தாலும் தண்ணீர் வெளியேற ஒரே வழிதான். அந்த வழியில்தான் நீங்கள் துண்டைக் கட்டிக்கொண்டு நிற்கப் போகிறீர்கள். இதற்கு நீர்ப்பிடிப்புப் பகுதி என்று பெயர்.

இதை வரைந்து பார்க்கலாம். டூல்பாரில் ஆட் பாலிகன் ஐகானைக் கிளிக் செய்யுங்கள். பாதை வரைந்தது போலவே, இந்த முறை முகட்டின் உச்சிக்கோட்டை ஒட்டியே ஒவ்வொரு புள்ளியாக வைத்துக்கொண்டு சுற்றி வந்து அருவியில் முடியுங்கள். எங்கே முகடு என்று குழப்பம் வந்தால் மவுஸ் முனையை மெதுவாக நகர்த்தி, திரையின் கீழ்ப்பட்டையில் உயரம் எங்கே கூடி எங்கே குறையத் தொடங்குகிறது என்று பாருங்கள். அந்தத் திருப்பம்தான் முகடு. முடித்ததும் அதே விண்டோவில் மெஷர்மென்ட்ஸ் டேபைத் திறந்தால் பரப்பளவு சதுர கிலோமீட்டரில் இருக்கும். முதல் தடவை ஒரு மணி நேரம் ஆகும். ஞாயிற்றுக்கிழமை மதியம் செய்ய நல்ல வேலை.

இப்போது ஒரு கணக்கு. ஒரு சதுர கிலோமீட்டரில் 1 மில்லிமீட்டர் மழை பெய்தால் அது 1,000 கனமீட்டர் தண்ணீர், அதாவது 10 லட்சம் லிட்டர். உங்கள் பாலிகன் 5 சதுர கிலோமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். மேலே ஒரு மணி நேரத்தில் 20 மில்லிமீட்டர் மழை. மலையில் இது பெரிய விஷயமே இல்லை. 5 பெருக்கல் 20 பெருக்கல் 10 லட்சம். மொத்தம் 10 கோடி லிட்டர். சென்னையில் தெருவுக்கு வரும் 12,000 லிட்டர் தண்ணீர் லாரி கணக்கில் 8,300-க்கும் மேல். மண்ணும் மரமும் பாதியை உறிஞ்சிக்கொண்டாலும் 4,000 லாரித் தண்ணீர் அந்தக் குறுகலான பாறை இடுக்கு வழியாகத்தான் வந்தாக வேண்டும். கேல்குலேட்டரில் போட்டுப் பார்த்தபோது நான் ஒரு தடவைக்கு இரண்டு தடவை பூஜ்யங்களை எண்ணினேன்.

சென்ற ஆண்டு நாங்கள் ஐந்து பேர் இந்த நடைக்குப் போனோம். எல்லோரும் ஒரே அலுவலகம். ஏறும்போது வெயில்தான். அருவியைப் பார்த்துவிட்டுப் பாறையில் உட்கார்ந்து பிஸ்கட் பாக்கெட்டைப் பிரித்தோம். கால் மணி நேரம்கூட ஆகவில்லை. எங்கள் வழிகாட்டி தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தவர் எழுந்துவிட்டார். "மேல மழை எறங்கிட்டு சார். தண்ணி கலங்குது பாருங்க. சருகு வேற வருது. கெளம்புவோம்" என்றார். எங்கள் தலைக்கு மேல் வானம் நீலமாகத்தான் இருந்தது. ஒரு நண்பன் மட்டும், "சென்னையிலிருந்து ராத்திரி முழுக்க பஸ்ல வந்திருக்கோம், இன்னும் பத்து நிமிஷம்ண்ணே" என்று இழுத்தான். நான் போனில் ஏற்றி வைத்திருந்த பாலிகனைத் திறந்து காட்டினேன். நாங்கள் இருந்த இடம் அந்தச் சிவப்புக் கட்டத்தின் கீழ் முனையில் ஒரு சின்ன நீலப் புள்ளி. மேலே முழுவதும் மலை. அவன் அதை ஒரு முறை பார்த்தான், மேலே வானத்தை ஒரு முறை பார்த்தான், பையை எடுத்துக்கொண்டான். இறங்கும் வழியில் ஆற்றின் சத்தம் மாறியதை எல்லோரும் கேட்டோம். சாயந்திரம் மெயின் அருவியில் பாதுகாப்பு வளைவைத் தாண்டித் தண்ணீர் கொட்ட, குளிக்கத் தடை போட்டிருந்தார்கள்.

வழிகாட்டிக்கு எந்தக் கம்ப்யூட்டரும் தேவைப்படவில்லை. அவர் கிளம்பச் சொன்னதும் மறுபேச்சில்லாமல் எழுந்திருக்க எனக்குத்தான் அந்தப் பாலிகன் தேவைப்பட்டது.

புறப்படும் காலையில்

இந்திய வானிலை ஆய்வுத் துறையின் தளத்தில் 'மௌசம்' என்ற பக்கத்தைத் திறந்தால் மாவட்ட வாரியாக எச்சரிக்கை நிறங்கள் இருக்கும். பச்சை என்றால் எச்சரிக்கை இல்லை. மஞ்சள் என்றால் கவனிக்க. ஆரஞ்சு, சிவப்பு என்றால் அருவித் திட்டத்தை அப்படியே வேறு வாரத்துக்குத் தள்ளுங்கள். அதே தளத்தில் ரேடார் படங்களும் உண்டு. குற்றாலத்துக்கு அருகில் இருப்பது திருவனந்தபுரம் ரேடார். நேர்க்கோட்டில் 60, 70 கிலோமீட்டர்தான். தென்காசி மாவட்டத்தின் நிறத்தை மட்டும் பார்க்காமல் மலைக்கு அந்தப் பக்கம் உள்ள கொல்லம், திருவனந்தபுரம் மாவட்டங்களையும் பாருங்கள். தென்மேற்குப் பருவக்காற்றில் மேகம் அங்கிருந்துதான் முகட்டைத் தாண்டி வருகிறது.

மேற்கே மலை இருப்பதால் இன்னொன்றும் உண்டு. காலண்டரில் சூரிய அஸ்தமனம் ஆறரை என்று போட்டிருந்தாலும் கிழக்குச் சரிவில் அதற்கு வெகு முன்பே நிழல் விழுந்துவிடும். காட்டுக்குள் இன்னும் சீக்கிரம். காலையில் ஏறி மதியத்துக்குள் இறங்குவது போல் திட்டமிடுங்கள்.

போனுக்கு மாற்றுவது எப்படி?

பிளேசஸ் பகுதியில் ஒரு போல்டர் உருவாக்கி, உங்கள் பாதை, பாலிகன் இரண்டையும் அதற்குள் இழுத்துப் போடுங்கள். அந்தப் போல்டரில் ரைட் கிளிக் செய்து சேவ் பிளேஸ் ஆஸ் கொடுத்தால் எந்த வகை பைல் என்று கேட்கும். கேஎம்எல் என்பதைத் தேர்ந்தெடுங்கள். இது சாதாரண டெக்ஸ்ட் பைல்தான். நோட்பேடில் திறந்து பார்த்தால் வரிசையாக எண்கள் இருக்கும். நீங்கள் கிளிக் செய்த ஒவ்வொரு புள்ளியும் அதில் உண்டு.

இந்தப் பைலை யுஎஸ்பி கேபிள் வழியாகவோ, உங்களுக்கே ஒரு மின்னஞ்சல் அனுப்பியோ போனுக்கு மாற்றுங்கள். போனில் ஆர்கானிக் மேப்ஸ் என்ற இலவச ஆப்பை இன்ஸ்டால் செய்து, வீட்டு வைஃபையிலேயே தமிழ்நாட்டு வரைபடத்தை டவுன்லோட் செய்துகொள்ளுங்கள். பிறகு கேஎம்எல் பைலைத் தொட்டு அந்த ஆப்பில் திறந்தால் உங்கள் கோடு அதில் வந்துவிடும்.

"காட்டுக்குள் டவர் இருக்காதே, எப்படி வேலை செய்யும்?" என்று என் மாமா கேட்டார். பலருக்கும் இந்தச் சந்தேகம் உண்டு. ஜிபிஎஸ் என்பது ரேடியோவில் செய்தி கேட்பது போல. ஏறக்குறைய 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் செயற்கைக்கோள்கள் நேரத்தைச் சொல்லிக்கொண்டே இருக்கின்றன. போன் அதைக் கேட்கிறது, எதையும் திருப்பி அனுப்புவதில்லை. நான்கு செயற்கைக்கோள்கள் கேட்டால் போதும், இடம் தெரிந்துவிடும். டவரும் டேட்டாவும் வேண்டியது வரைபடத்தை இறக்கத்தான், அதை வீட்டிலேயே முடித்துவிட்டோம். ஆனால் டேட்டா இல்லாத இடத்தில் முதல் முறை இடத்தைப் பிடிக்கச் சில நிமிடங்கள் ஆகலாம். எனவே ஊரில் டவர் இருக்கும்போதே ஆப்பைத் திறந்து நீலப் புள்ளி வந்துவிட்டதா என்று பார்த்துவிட்டு ஏறுங்கள். பள்ளத்தாக்குக்குள் வானம் குறைவாகத் தெரியும் இடங்களில் புள்ளி தத்தித் தத்தி அங்கும் இங்கும் போகும். பதற வேண்டாம்.

இதைக் காட்டில் முதல் முறையாகச் செய்து பார்க்காதீர்கள். உங்கள் வீட்டிலிருந்து பஸ் ஸ்டாண்ட் வரை ஒரு பாதை வரையுங்கள். கேஎம்எல் ஆக்கிப் போனில் ஏற்றுங்கள். போனை ஏரோப்ளேன் மோடில் போட்டுவிட்டு அந்தக் கோட்டின் மேலேயே நடந்து போய் வாருங்கள். பெரும்பாலான போன்களில் அந்த மோடிலும் ஜிபிஎஸ் வேலை செய்யும். உங்கள் போனில் செய்கிறதா என்பதும் தெரிந்துவிடும், வரும் வழியில் காய்கறியும் வாங்கி வரலாம். காட்டிலும் ஏரோப்ளேன் மோடிலேயே வைத்திருங்கள். இல்லாவிட்டால் போன் டவரைத் தேடித் தேடியே பேட்டரியைக் காலி செய்துவிடும்.

வீட்டில் இருப்பவருக்கு ஒரு பக்கம்

கடைசியாக வேர்டிலோ நோட்பேடிலோ ஒரு பக்கம் டைப் செய்யுங்கள். போகிறவர்களின் பெயர், வயது, ரத்தப் பிரிவு, போன் எண். முன்பதிவு எண். வழிகாட்டியின் பெயரும் எண்ணும் (இதைக் கிளம்பும் இடத்தில் கேட்டு, டவர் இருக்கும்போதே மெசேஜில் அனுப்பிவிடலாம்). ஏறும் நேரம், இறங்க வேண்டிய நேரம். அதற்கு மேல் இரண்டு மணி நேரம் சேர்த்து, "இத்தனை மணிக்குள் போன் வராவிட்டால் முதலில் வழிகாட்டிக்கு, பிறகு 112-க்கு அழைக்கவும்" என்று ஒரு வரி. கூகுள் எர்த்தில் பைல் மெனுவில் உள்ள பிரின்ட் மூலம் பாதைப் படத்தையும் அதன் பின்பக்கம் அச்சிடுங்கள். ஒன்று உங்கள் பையில், மழையில் நனையாமல் பிளாஸ்டிக் கவரில். இன்னொன்று வீட்டில் பிரிட்ஜ் கதவில்.

கேஎம்எல் பைலின் ஒரு நகலை வீட்டுக் கம்ப்யூட்டரின் டெஸ்க்டாப்பிலேயே விட்டுச் செல்லுங்கள். அதை டபுள் கிளிக் செய்தால் கூகுள் எர்த் திறந்து நேராக அந்த மலைக்குப் போய் நிற்கும் என்பதை வீட்டில் இருப்பவருக்கு ஒரு முறை செய்து காட்டிவிடுங்கள். நான் செய்து காட்டியபோது அப்பா சாலிடேர் விண்டோவை மினிமைஸ் செய்துவிட்டுப் பார்த்தார். பாலிகனைக் காட்டி அது என்ன என்று கேட்டார். சொன்னேன். பிரிட்ஜில் ஒட்டியிருந்த தாளில் இறங்க வேண்டிய நேரத்தைப் பேனாவால் அடித்து, ஒரு மணி நேரம் முன்னதாக எழுதி வைத்தார்.